நான் தொட்டுப் பார்க்காத கயிறு

மேடையில் வீற்றிருக்கும் பயிற்சிப் பள்ளித் தலைவர் கர்னல் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் மேஜரின் துணைவியாரே, சீருடையோடும் சீருடை இல்லாமலும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளலாம். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய மூவரும் அதிகாரிகள். மேஜர் அவர்களை அதிகாரியாக அறிந்தவர்கள். அழகாகப் பேசினார்கள். நான் சார்ஜென்டாக ஓய்வு பெற்றவன். அவர் தோளில் ஒரு நட்சத்திரம்கூட ஏறாத காலத்தில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். அதனால் என் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அவருக்கு ‘இரட்டை மொட்டை மேஜர்’ என்று ஒரு பெயர் உண்டு. இது அவருக்கும் தெரியும், அவர் வீட்டுக்கும் தெரியும். சிப்பாயாகச் சேருகிறவனுக்குச் சிப்பாய்ப் பயிற்சியில் ஒரு மொட்டை. அதிகாரியாகச் சேருகிறவனுக்கு அதிகாரிப் பயிற்சியில் ஒரு மொட்டை. யாராக இருந்தாலும் ஒன்றோடு முடிந்துவிடும். இரண்டு வாசலிலும் நுழைந்து, இரண்டு முறையும் கத்திரிக்கோலுக்குத் தலை கொடுத்தவர் எங்கள் பிரிவில் இவர் ஒருவர்தான்.

முதல் மொட்டை எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் நடந்தது. ஒன்பது மாதப் பயிற்சி. முதல் நாள் முடி போயிற்று. இரண்டாம் நாள் பெயர் போயிற்று. அவர் நாற்பத்தொன்று ஆனார், நான் நாற்பத்திரண்டு. ஒரு நீளக் கூடத்தில் அறுபது கட்டில். போர்வையின் மடிப்பு ஒரு விரல் விலகினாலும் அறுபது பேரும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றோம். நடக்கக் கற்றோம், நிற்கக் கற்றோம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்காமல் இருக்கக் கற்றோம்.

நாற்பத்தொன்று எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். கயிற்றில் முடிச்சுப் போடுவது மட்டும் அவருக்கு வரவே வராது. கட்டில் காலில் கயிற்றைக் கட்டிவைத்துக்கொண்டு நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன்.

“கண்ண மூடிக்க மாப்ள. கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது. தடவிப் பாரு.”

“தடவித்தான் பாக்கறேன். ஒண்ணும் தெரியல.”

“ஷூ லேசாவது நீயே கட்டறியா, இல்ல வீட்ல யாராவது வந்து கட்டிவிட்டுட்டுப் போறாங்களா?”

இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு அவர் போட்ட முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய வாத்தியாராக என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஆறு ஆண்டு கழித்து, சிப்பாய்களிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம். மைதானத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு. நடுவில் இருப்பது பள்ளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பீப்பாய், மூன்று பலகை. குழுவில் இருக்கும் எட்டுப் பேரும் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், தலைவன் என்று யாரையும் சொல்லமாட்டார்கள். நான் இருப்பதிலேயே கனமான பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். மூச்சு வாங்க வாங்க அங்கும் இங்கும் ஓடினேன். அவரோ ஓரமாக நின்று ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, “நீங்க உயரம், அந்தப் பக்கம் போங்க. நீங்க ரெண்டு பேரும் பீப்பாயப் பிடிங்க” என்றார். அவர் ஒரு பலகையைக்கூடத் தூக்கவில்லை. எட்டுப் பேரும் தாண்டினோம்.

அவர் தேறினார். நான் தேறவில்லை.

வேலை செய்தவன் நான், பேர் வாங்கியவன் அவன் என்று மனதில் ஒரு முள் விழுந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அதிகாரிப் பயிற்சி பதினெட்டு மாதம். அங்கேயும் அதே ஓட்டம், அதே வியர்வை. ஆனால் கூடவே வரைபடம், சட்டம், கட்டுரை, கட்டளை எழுதுவது எப்படி, தவறு நடந்தால் அறிக்கை எழுதுவது எப்படி என்று கட்டுக் கட்டாகப் புத்தகம். அங்கிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு பகுதி இன்றும் மனப்பாடம்: “மாப்ள, அங்க ‘ஏன்’னு கேட்டா பத்து சுத்து ஓடவிட்டாங்க. இங்க ‘ஏன்’னு கேக்கலன்னா பத்து சுத்து ஓடவிடறாங்க. ஓட்டம் மட்டும் மாறல. அங்க எங்கிட்ட ஒரு துப்பாக்கிய குடுத்து, இத பத்திரமா வச்சுக்கன்னு சொன்னாங்க. இங்க முப்பது பேர காட்டி, இவங்கள பத்திரமா வச்சுக்கன்னு சொல்றாங்க. மொதல்ல சொன்னதுதான் சுலபம்.”

நான் பதில் எழுதவில்லை.

பிறகு அவர் எங்கள் பிரிவுக்கே அதிகாரியாக வந்து சேர்ந்தார். முதல் நாள் காலை நான் சல்யூட் அடித்தேன், அவர் பதில் சல்யூட் அடித்தார். மாலையில் பண்டகசாலைக்குப் பின்னால் தேடிக்கொண்டு வந்தார்.

“யாரும் இல்லாதப்ப ‘சார்’ வேணாம் மாப்ள.”

“யாரு இருந்தாலும் இல்லன்னாலும் சார் சார்தான், சார்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் எப்படிப்பட்ட அதிகாரி என்று கேட்கிறீர்களா? நீண்ட நடைப்பயிற்சி முடிந்து முகாமுக்குத் திரும்புவோம். பூட்சைக் கழற்றிப் போட்டதோடு எங்கள் வேலை முடிந்தது. அவர் வேலை அப்போதுதான் தொடங்கும். வரிசையாக ஒவ்வொருவன் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, பாதத்தைக் கையில் எடுத்து, குதிகாலையும் விரலிடுக்கையும் பார்ப்பார். நாளைக்கு யாரால் நடக்க முடியும், யாரால் முடியாது என்று சின்ன நோட்டில் குறிப்பார். கடைசி ஆளையும் பார்த்து முடித்த பிறகுதான் தம் பூட்சைக் கழற்றுவார். ஒரு நாள் அவர் காலுறை தோலோடு ஒட்டி, இரத்தம் காய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

இனி நான் சொல்லப்போவதை இந்த அவை நிதானமாகக் கேட்க வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் அவர் கேப்டன், நான் சார்ஜென்ட். முப்பது புதிய சிப்பாய்களை ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் கடக்கப் பழக்கும் பயிற்சி எங்கள் பொறுப்பு. தினமும் காலையில் கயிற்றை இரு கரையிலும் தொட்டுப் பார்க்க வேண்டியது சார்ஜென்டின் வேலை. அக்கரைக்குப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வர இருபது நிமிடம் ஆகும். அன்று காலை இக்கரையை மட்டும் பார்த்துவிட்டு நின்றிருந்தேன். போகலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்த வேளையில் கேப்டன் வந்தார். “சார்ஜென்ட், கயிறு பாத்தாச்சா?” என்று கேட்டார்.

தினமும் கேட்பதுதான். எந்த அதிகாரியும் எந்த சார்ஜென்டையும் கேட்பதுதான். அன்று மட்டும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. முடிச்சுப் போடத் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், என்னிடமே கயிற்றைப் பற்றிக் கேட்கிறானா?

“பாத்தாச்சு, சார்” என்றேன்.

அவர் தலையசைத்தார். ஆறு பேர் கடந்தார்கள். ஏழாவது ஆள் நடுவில் இருந்தபோது அக்கரையில் கயிறு அறுந்தது. இரும்பு வளையத்தில் உராய்ந்து உராய்ந்து பாதிப் புரி போயிருந்தது. கையால் ஒரு முறை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். ஏழாவது ஆள் பாறைமேல் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு அவரால் நேராக நடக்க முடியவில்லை. இராணுவத்துக்கு வந்த நான்காம் மாதமே இராணுவ வாழ்க்கை முடிந்தது.

விசாரணை நடந்தது. நீள மேசை, மூன்று அதிகாரிகள், ஒரு தண்ணீர்க் கூஜா. கேப்டனை முதலில் அழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும், சொல்லத்தானே வேண்டும் என்றும் நினைத்தேன். உள்ளே போனதும் அவர் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இவ்வளவுதான் இருந்தது: “அந்தப் பயிற்சிக்கு நான் பொறுப்பு. கயிறு பத்திரமாக இருக்கிறதா என்று வாயால் கேட்டேன், கையால் பார்க்கவில்லை. அதிகாரிப் பள்ளியில் கேட்கக் கற்றேன். சிப்பாய்ப் பயிற்சியில் தொட்டுப் பார்க்கக் கற்றேன். இரண்டும் தெரிந்தவன், அன்று ஒன்றைத்தான் செய்தேன்.”

யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது என்பது அதில் இல்லை.

“நீங்க சேத்துச் சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்கள்.

“இல்ல, சார்.”

அன்பர்களே, இந்த இரண்டு சொற்களை நான் முப்பத்தொரு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவருடைய பதவி உயர்வு நின்றது. மேஜர் ஆக எட்டு ஆண்டு ஆயிற்று. அதற்கு மேல் ஒரு படிகூட அவர் ஏறவில்லை. எனக்கு ஒரு கீறலும் இல்லை. குறித்த காலத்தில் சம்பளம், குறித்த காலத்தில் ஓய்வு, நெஞ்சில் நன்னடத்தைப் பதக்கம்.

ஒரே ஒரு முறை அவரிடம் கேட்டேன். அவர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் சார் சொல்லல?”

அவர் நிமிரவில்லை. “அவங்க கேட்டது யாரு பொறுப்புன்னு. அதுக்கு பதில் சொன்னேன். யாரு தப்புன்னு கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.”

“இப்ப நான் போயிச் சொல்லட்டுமா?”

“அது உன் இஷ்டம் மாப்ள. உன் தப்ப நான் சொன்னா அது புகார். நீ சொன்னாத்தான் அது உண்மை.”

நான் போய்ச் சொல்லவில்லை.

அவரை அனுப்பிய இடம் இந்தக் கர்னல் இன்று தலைவராக இருக்கும் பயிற்சிப் பள்ளி. தாழ்வாரக் கோடியில் ஒரு மேசை, உடைந்த அலமாரி. தண்டனை மாதிரிதான். அவர் என்ன செய்தார்? புலம்பினாரா? குடித்தாரா? மூலையில் உட்கார்ந்து நாளை எண்ணினாரா? இரண்டு ஆண்டு எழுதி எழுதி, மேலே அனுப்பி அனுப்பி, ஒரு திட்டத்தை ஏற்கவைத்தார். அதிகாரிப் பயிற்சிக்கு வருகிறவன் முதல் ஆறு வாரம் சிப்பாய்க் கூடத்தில் சிப்பாயாக இருக்க வேண்டும். சார்ஜென்டுகளுக்குக் கீழே, எண்ணோடு, பெயர் இல்லாமல். அதேபோல், சிப்பாய்ப் பயிற்சியின் கடைசி மாதத்தில் ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் ஒரு நாள் வரைபடத்தைக் கொடுத்து, ‘இன்று நீ நடத்து’ என்று சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு இல்லாமலா? “அப்புறம் எதுக்கு ரெண்டு பள்ளிக்கூடம்? எல்லாரையும் ஒண்ணாக்கிடுங்க” என்று ஒரு பெரிய அதிகாரி கேலி செய்தாராம். இவர் சொன்ன பதில்: “ஒண்ணாக்க முடியாது சார். பஸ்ஸுக்கு டிரைவரும் வேணும், கண்டக்டரும் வேணும். ரெண்டு பேரும் ஸ்டீயரிங்கப் பிடிச்சா பஸ்ஸு வயலுக்குத்தான் போகும். ஆனா விசில் அடிச்சா என்ன அர்த்தம்னு டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?”

முதல் ஆறு வார அணியில் இருந்தவர் மேடையில் இருக்கும் நம் கர்னல். சாக்கடை வாளியைக் கொடுத்தபோது, “நான் பட்டதாரி” என்று சொன்னாராம். சார்ஜென்ட், “ரொம்ப நல்லது, அப்ப ரெண்டு வாளியா எடுத்துக்கங்க” என்றாராம். கர்னல் சிரிக்கிறார், அதனால் உண்மையாகத்தான் இருக்கும். அன்று முதல் இன்றுவரை அந்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்த அதிகாரிகள் ‘பாத்தாச்சா’ என்று கேட்டுவிட்டு, தாங்களும் ஒரு முறை கையால் பார்க்கிறார்கள். எத்தனை பேர் விழாமல் இருந்திருப்பார்கள்? நடக்காத விபத்துக்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை. நம் மேஜருடைய சாதனை அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டு நாட்களுக்கு முன், மதியம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார், சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான். துணைவியார் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறார்.

முந்தாநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்று பேசச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? மேஜரின் துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியும்ணே” என்றார்.

“சார் சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. முப்பது வருஷமா நம்ம வீட்டுக்கு வர்றீங்க. ஒரு நாளாவது நாற்காலில சாஞ்சு உக்காந்திருக்கீங்களா? ஓரத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்து, டீய ஆறவிட்டுட்டு, எந்திரிச்சுப் போயிடுவீங்க. கூடப் பொறந்தவர் மாதிரி இருக்கறவங்க ஒரு வீட்ல எதுக்கு அப்படி உக்காரணும்?” பிறகு கேட்டார்: “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? தையல்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

அன்று விழுந்த ஏழாவது ஆள் இப்போது தையல்காரர். சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறார். இந்த மண்டபத்தில் இருக்கும் சீருடைகளில் பாதி அவர் தைத்ததுதான். மேஜர் சட்டை கிழிந்ததோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளவு கொடுக்கப் போவார். நான் அந்தத் தெருவில் நடப்பதையே தவிர்த்தவன்.

நேற்றுக் காலை போனேன். மிதித்துக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, “வாங்க சார்ஜென்ட்” என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அக்கரைக்குப் போகவில்லை என்றேன். போனதாகப் பொய் சொன்னேன் என்றேன். இயந்திரம் நின்றது.

ஊசிக்கு அடியிலிருந்த துணியை உருவி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: “கயிறு அறுந்ததுக்குக் கொஞ்சம் முன்னாடி என் காலு ஒரு தடவ வழுக்குச்சு. எல்லாரும் கத்தினாங்க, ஞாபகம் இருக்கா? அதனாலதான் அறுந்துச்சுன்னு நான் நெனச்சேன். கேப்டன் சார் பழிய ஏத்துக்கிட்டாருன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. என்னக் காப்பாத்தத்தான் ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். என்னாலதான் அவரு மேல வரலன்னு நெனச்சேன். அவரு சட்ட ஒவ்வொண்ணையும் அந்த நெனப்போடதான் தச்சேன்.”

நான் பயந்து மறைத்தது என் தப்பை மட்டும்தான் என்று முப்பத்தொரு ஆண்டு நம்பியிருந்தேன். அந்த மறைவுக்குள் இன்னொரு மனிதர் உட்கார்ந்து, செய்யாத குற்றத்துக்காகக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மேஜருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர் ஒரு நாளும் விட்டிருக்கமாட்டார். அவருடைய பெருந்தன்மையில் எங்காவது ஒரு குறை இருந்தது என்றால், அது இதுதான். என்னைக் காத்த மௌனம் இவரைக் காக்கவில்லை. அவர் இருந்திருந்தால் இதைத் தம் அறிக்கையில் தாமே எழுதியிருப்பார்.

“எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றார் தையல்காரர். “இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கும். எங்கிட்ட தனியா சொன்னது போதாது. நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க இல்ல? அங்க சொல்லுங்க.”

அவர் ஆறாவது வரிசையில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இந்த அவையைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் கால் வழுக்கியதற்கும் கயிறு அறுந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதிதாகப் பழகுகிறவனுக்குக் கால் வழுக்கும், அதைத் தாங்கத்தான் கயிறு. பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். எதையும் மறைக்காமல் எழுதி, கையெழுத்திட்டு, கூட்டத்துக்கு முன்பே கர்னலிடம் கொடுத்துவிட்டேன். பழைய கோப்பில் அதைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் பதக்கத்தை என்னிடமே விடுவதா, திருப்பிக் கேட்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

மறைந்த மேஜர் அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லாரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்ல வேண்டும். அறுபத்து நான்கு வயதில், மூட்டு வலியோடு, என்னால் என்ன முடியும்? ஒன்று முடியும். வருகிற திங்கட்கிழமை புதிய அதிகாரி மாணவர்கள் ஆறு வாரத்துக்காகச் சிப்பாய்க் கூடத்துக்குள் நுழைகிறார்கள். காலை எட்டு மணிக்கு அவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்து வரக் கர்னல் சம்மதித்திருக்கிறார். பாலம் வழியாகச் சுற்றி அவர்களை அக்கரைக்குக் கூட்டிப்போய், அந்த வளையத்தின் பக்கத்தில் நிறுத்தி, இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். என்னைப் பற்றியதையும் விடாமல் சொல்வேன். அடுத்த அணிக்கும் சொல்வேன். நடக்க முடிகிறவரை ஒவ்வோர் அணிக்கும் சொல்வேன்.

தையல்காரரும் வருகிறார். கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டிருக்கிறார். நான் ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பாராம். ஏழு மணிக்கு அவர் கடை வாசலிலிருந்து புறப்படுகிறோம். வண்டியில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.